குழாயடியில் ஒடிந்த கை

மாயக்காள்: நான் தள்ளவே இல்லடி அங்காளு! ஒம் மக குடத்தைத் தூக்குனா, மணிக்கட்டு மளுக்குனு ஒடிஞ்சிருச்சு. பக்கத்துல நின்னது ஒரு குத்தமா?

அங்காளம்மாள்: தெரியும்க்கா.

மாயக்காள்: தெரிஞ்சுக்கிட்டேதான், 'பக்கத்து வீட்டு மாயக்கா எம் மகளைத் தள்ளிவிட்டுட்டா'ன்னு தெருப்பூராம் சொல்லித் திரியுறியா? குழாயடியில ஒருத்தி எனக்கு மொகம் குடுத்துப் பேசமாட்டேங்குறா.

அங்காளம்மாள்: சத்தம் போடாதீங்க. உள்ள பொன்னழகு தூங்குறா.

மாயக்காள்: தூங்கட்டும். எம் பேரு நாறுது, நான் எப்படித் தூங்குறது...

அங்காளம்மாள்: உங்க கால்ல விழுறேன். 'ஆமா, நாந்தான் தள்ளுனேன்'னு நீங்களும் சொல்லிருங்க. கட்டுப் பிரிச்சதும் நாள் குறிக்க வத்தலக்குண்டுக்காரங்க வாராங்க. குடம் தூக்குனதுக்கே எலும்பு போச்சுன்னா... அந்தக் கண்டக்டர் மாப்பிள்ளை நிப்பாரா?

மாயக்காள்: இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைக்கு எலும்பு ஏன்டி அப்பளமா நொறுங்குது? அதச் சொல்லு மொதல்ல.

அங்காளம்மாள்: அத மட்டும் கேக்காதீங்கக்கா.

மாயக்காள்: நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்?

அங்காளம்மாள்: யாருகிட்டச் சொல்லாம இருந்திருக்கீங்க... பிறவிக் கோளாறுக்கா. கிட்னிக்கு மேல ஏதோ சுரப்பியாம். அது சரியில்லாமத்தான் மொகத்துல முடி...

மாயக்காள்: அடியாத்தே. அப்ப மாசாமாசம் மதுரைக்குப் போனது மீனாட்சிக்கு இல்லையா?

அங்காளம்மாள்: டாக்டருக்கு. பதிமூணு வயசுலேர்ந்து மாத்திரை. பாதியில நிறுத்துனா உசுரு தங்காது. அதுலதான் மொகத்து முடியும் அடங்கும். அளவு கூடுனா எலும்பு மெலிஞ்சிரும்னு அவரு அப்பவே சொன்னாரு.

மாயக்காள்: அப்ப அளவாக் குடுத்திருக்க வேண்டியதுதான?

அங்காளம்மாள்: நீங்க ஒருநா குழாயடியில, 'வரப்போற மாப்பிள்ளையைவிட இவளுக்குத்தான் மீசை அடர்த்தி'ன்னு சொன்னீங்க. அன்னையிலேர்ந்து... ரெண்டு வருசமா... மருந்துக்கடையில அதே மாத்திரையைத் தனியா வாங்கி, அவ குடிக்கிற காப்பியில இன்னொண்ணை நுணுக்கிப் போட்டேன். அவளுக்கே தெரியாது.

மாயக்காள்: சும்மா சிரிக்கத்தான்டி சொன்னேன்...

அங்காளம்மாள்: எல்லாரும் சிரிச்சாங்கக்கா.

மாயக்காள்: அதுக்காக மருந்தைக் கூட்டுவாங்களாடி?

அங்காளம்மாள்: அந்த மீசை போச்சு. எலும்பும் போச்சு.

மாயக்காள்: சரி... நாந்தான் தள்ளுனேன். எவ கேட்டாலும் சொல்லுறேன். வத்தலக்குண்டுக்காரங்க கேட்டாலும்.

பொன்னழகு: வேணாம் பெரியம்மா.

அங்காளம்மாள்: ஏண்டி... நீ முழிச்சா கெடந்த?

பொன்னழகு: காப்பி கசந்துச்சும்மா. மீசை போனாப் போதும்னு தெரிஞ்சேதான் குடிச்சேன். கை ஒடிஞ்ச வாரமே அந்தக் கண்டக்டருக்கு அம்புட்டையும் இடது கையால கடுதாசி எழுதிட்டேன். போன முகூர்த்தத்துல நிலக்கோட்டைப் பொண்ணு ஒண்ணைக் கட்டிக்கிட்டாராம். உங்ககிட்டச் சொல்லத்தான்... வெக்கமா இருந்துச்சு.