பதினோரு படங்கள்

– இந்த ஒண்ணு போதாது சான்ட்ராக்கா. இதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்ததெல்லாம் வேணும்.

– பரிசு வாங்குன படம் இதுதான் எழில். மத்தது எதுவும் உருப்படியா வரல.

– பரவால்லக்கா. குடவாசல் கபடியில துரைக்கண்ணு எங்க வீட்டுக்காரர் கால எப்படிப் புடிச்சு இழுத்தான்னு தெரியணும், அவ்வளவுதான்.

– நெடுமாறன் எப்படி இருக்காரு?

– கழுத்துக்குக் கீழ அசைவில்ல. தொண்டையில குழாய், பேச்சு கெடையாது. பத்தொன்பது நாளாச்சு. கீழ வண்டியில என் கொழுந்தனுங்க ரெண்டு பேரும் நிக்கிறாங்க. படத்த வாங்கிட்டு நேரா துரைக்கண்ணு வீட்டுக்குத்தான்.

– போலீஸ் ஸ்டேஷனுக்குன்னுல்ல போன்ல சொன்னீங்க?

– நான் ஸ்டேஷனுக்குன்னுதான் சொல்றேன். அவங்க அப்படிச் சொல்லல.

– கபடியில கால் புடிக்கிறதுதானே எழில் ஆட்டமே...

– அதான் பாப்போம்ங்கிறேன். போடுங்க.

– சரி, உக்காருங்க. மொத்தம் பதினொண்ணு. ஒரே செகண்டுல எடுத்தது.

– கேமரா பட்டன எப்ப அமுக்கணும்னு எப்படிக்கா தெரியும்?

– முகத்தப் பாக்கக் கூடாது, முகம் ஏமாத்தும். இடுப்பப் பாக்கணும். அது திரும்புற பக்கந்தான் ஆளு போவான். கால் தரைய விட்டப்புறம் அமுக்குனா படம் போச்சு. பதினஞ்சு வருஷம் மண்ணுல படுத்துக் கெடந்து கத்துக்கிட்டது. மனுஷன் அந்தரத்துல நிக்கிற அந்த ஒரு நொடி கெடச்சிடுச்சுன்னா, சோறு தண்ணி வேணாம் எழில்.

– அழகாத்தான் இருக்காரு. ஊரே சொல்லுது. எனக்குத்தான் பாக்க முடியல.

– மூடிடவா?

– இருங்க. இது மூணாவதா? நடுக்கோடு இதானே?

– ஆமா.

– கோட்டுக்கு ரெண்டே எட்டுதான். வழியில ஒருத்தருமில்ல. ஆளத் தொட்டாச்சு, நடந்தே கோட்டத் தாண்டியிருக்கலாம். ஏன் இந்த மூலைக்குத் திரும்புறாரு?

– அந்தச் சூட்டுல யோசிக்க முடியாது.

– ஸ்கூல்லேருந்து ஆடுறவருக்கா. கண்ணக் கட்டிவிட்டாலும் கோட்டத் தொட்டுடுவாரு. அடுத்தது போடுங்க. ம்... இது பரிசுப் படம். துரைக்கண்ணு கை இவரு காலுமேல இருக்கு. இன்னும் ஒண்ணு தள்ளுங்க.

– எழில், வேணாம்...

– வெரலு விரிஞ்சிருக்கு. துரைக்கண்ணு விட்டுட்டான்.

– ஆமா. அவன் இழுக்கல.

– தாண்டுன வேகத்துல இவரே தலைகுப்புற வராரு. வரும்போதும் அவன் பக்கம் பாக்கல. நேரா உங்களப் பாக்குறாரு. ஏங்க்கா எங்க வீட்டுக்காரர் உங்களப் பாக்குறாரு?

– கீழ ஹாரன் அடிக்கிறாங்க எழில்.

– அடிக்கட்டும். நீங்க சொல்லுங்க.

– அவங்கள மேல வரச் சொல்லுங்க. துரைக்கண்ணு வீட்டுக்கு யாரும் போக வேணாம். இடைவேளையில தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னாரு. கடைசியா கபடி பாடிப் போறப்ப, நான் கேமராவோட படுத்திருக்கிற இந்த மூலைக்கு வந்து என் தலைக்கு மேல தாண்டுங்கன்னு நான்தான் கேட்டேன்.