மிஷன் எலும்புப் பெட்டி காணாமற்போனது தொடர்பாக

என் பெயர் கந்தையா கேதீஸ்வரன். வயது ஐம்பத்து மூன்று. சொந்த இடம் யாழ்ப்பாணம் காரைநகர். சுவிஸ் நாட்டில் பாசல் நகரில் மனைவி கோசலாவுடன் வசிக்கிறேன். இங்குள்ள தனியார் நூதனசாலை ஒன்றின் களஞ்சியத்தில் சாமான் தூக்கி அடுக்குவது என் வேலை. சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். களவு வழக்கு விழுந்தால் அது போய்விடும் என்று தெரிந்துகொண்டே இதைச் சொல்கிறேன். நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் லக்சாயினி ஜெர்மனில் சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறாரா என்று சந்தேகமாக இருப்பதால், முடிவில் எல்லாவற்றையும் எனக்குத் திருப்பி வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

கடந்த ஏப்ரலில் இயக்குநர் ஆம்ஸ்லர், கலிபோர்னியா மிஷன் ஒன்றைப் பற்றிய கண்காட்சிக்குச் சாமான் எடுத்துத் தரச் சொன்னார். இருநூறு வருசத்துக்கு முன் ஸ்பெயின் பாதிரிமார் கோயில் கட்டி, அந்த மண்ணின் சனங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அவர்களைக் கொண்டே வயல் வேலை செய்வித்த இடம் அது. கண்காட்சிக்கு எடுத்ததெல்லாம் கூடைகளும் சிப்பி மணிகளும்தான். கூடை பின்னியவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு பலகையிலும் எழுதவில்லை. அதன் பிறகு, அதே மிஷனின் பெயர் ஒட்டி அடித்தட்டிலிருந்த மரப்பெட்டியை நான் இழுத்தபோது மூடி கழன்றது. உள்ளே எலும்புகள். மேலாக இருந்தது பால்பல் விழாத ஒரு பிள்ளையின் தாடை. ஆம்ஸ்லரிடம் கேட்டேன். ஏதோ மிருகத்தின் எலும்பு என்றார். நானும் மூன்று பிள்ளைகளை வளர்த்தவன், அதை நம்பவில்லை.

அதன் பிறகு ஊழியர் குளியலறையில் தலை முழுகி உடுப்பு மாற்றினேன். செத்தவீட்டுக்குப் போனால் முழுகாமல் நாங்கள் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. கோசலா விளக்கேற்றும் வீட்டுக்குத் துடக்கோடு எப்படிப் போவது? பிறகும் அந்தப் பெட்டியைத் தொட்ட நாளெல்லாம் முழுகினேன். வேறெந்தச் சாமானுக்கும் முழுகியதில்லை. ஏன் இந்தக் குளிப்பு என்று ஆம்ஸ்லர் கேட்டார், காரணத்தைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு, எலும்புகளைக் கேட்டு கலிபோர்னியாவிலிருந்து ஆட்கள் வருவதற்கு முதல் நாள், பெட்டியைத் தன் காரில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அப்படியே செய்துவிட்டு வந்து முழுகினேன்.

மறுநாள் டொலோரஸ் என்ற பெண்ணும் அவருடைய தம்பியும் வந்தார்கள். அந்த மிஷனில் இருந்த சனங்களின் வழி வந்தவர்கள். நான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்தால் எழும்ப வேண்டும், தப்பி ஓடினால் பிடித்துவந்து சவுக்கால் அடிப்பார்கள், நோய் வந்து பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், புதைத்த இடத்தையும் பிறகு சேகரிப்பாளர்கள் தோண்டினார்கள் என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். எலும்புகளைத் தந்தால் கொண்டுபோய் அடக்கம் செய்வோம் என்றார். மனித எலும்பு இங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்றார் ஆம்ஸ்லர்.

அதன் பிறகு நடைபாதையில் அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: “நேற்றுவரைக்கும் பெட்டி இஞ்சதான் இருந்தது. உள்ளுக்குப் பிள்ளையின்ர தாடை. தொட்டிட்டு நான் முழுகினனான்.” வேறு யாரும் குளித்தார்களா என்று கேட்டார். மற்றவர்கள் கையுறை போடுவார்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப அவை மனிசர் எண்டு நீங்கள் ஒராள்தான் நினைச்சிருக்கிறியள்” என்றார்.

டொலோரஸ் பொலிசுக்கு வந்து முறையிட்ட பிறகுதான், பெட்டியை நான் களவெடுத்ததாக ஆம்ஸ்லர் புகார் கொடுத்திருக்கிறார். அதில் சிப்பி மணி மட்டுமே இருந்ததாம். தடயத்தை மறைக்கத்தான் நான் குளித்தேனாம். இன்று எனக்குக் கமராப் படம் காட்டினீர்கள். பெட்டியோடு பின்கதவால் போவது நான்தான். அதோடு படத்தை நிறுத்திவிட்டீர்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மிச்சத்தையும் ஓடவிடச் சொன்னேன்.

அதில் நான் வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். குளியலறை வாசலில் ஆம்ஸ்லர் நிற்கிறார். நான் கேட்காமலே ஒரு துவாயை நீட்டுகிறார். சிப்பி மணி தூக்கியவனுக்கு எதற்குத் துவாய் என்று அவரிடம் கேளுங்கள்.

மேலே உள்ளதை லக்சாயினி வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்று உறுதிசொல்லி ஒப்பமிடுகிறேன்.

க. கேதீஸ்வரன்