கரடி கைக்குக் கீழ

இல்ல தங்கச்சி, நீங்க டிக்கெட்டுல எழுதுனது தப்பில்ல, நான் சொன்னதுதான் தப்பு. போலோத்பெக்குன்னு ஃபோன்ல சொன்னது நானேதான். ஆனா என் மாமனார் பேரு போலோத்பெக் இல்ல. வேற. வேற என்னன்னு கேட்டா நான் எப்படிச் சொல்றது, நான் அந்த வீட்டு மருமக. பாஸ்போர்ட்டு இந்தாங்க, நீங்களே பாத்துக்குங்க. மனசுக்குள்ள படிங்க, சத்தமா வேணாம். நீங்க படிச்சாலும் எனக்குத்தான் கூச்சமா இருக்கும்.

சிரிங்க, சிரிங்க. பிஷ்கெக்குப் பட்டணத்துல வளந்த பொண்ணு, சிரிக்காம என்ன பண்ணுவீங்க. வீட்டுக்குப் போறப்ப உங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க, அவங்க மாமியார் பேரை ஒரு தடவையாவது வாய் தொறந்து சொல்லிருக்காங்களான்னு.

போலோத்துன்னா எஃகு, சரியா. எஃகுக்கு நெருங்குன சொந்தம் ஒண்ணு இருக்குல்ல, ஆணி அடிக்கறது, லாடம் அடிக்கறது, மழையில கெடந்தா துருப்பிடிக்கறது, அதுதான் அவர் பேரு. கல்யாணமாகி வந்ததுலேருந்து அந்தச் சொல்லு என் வாயில வந்ததில்ல. கடையில போயி லாடம் கேட்டாக்கூட எஃகு லாடம் குடுங்கன்னுதான் கேப்பேன். கடைக்காரரு விடுவாரா. எஃகுல எவன் லாடம் அடிக்கறான், ஓ, நீ இன்னார் வீட்டு மருமகளான்னு எங்க மாமா பேரை வாய் நெறையச் சொல்லிச் சிரிப்பாரு. நான் தலையை மட்டும் ஆட்டிட்டு வாங்கிட்டு வருவேன். அப்படிப் பழகுன நாக்கு, நீங்க ஃபோன்ல மாமனார் பேரு என்னன்னதும் அதுபாட்டுக்கு எஃகுன்னு போயிருச்சு. அத்தை பேரு எப்படிச் சரியா வந்துச்சுன்னு பாக்கறீங்களா? அவங்களே எங்கிட்டேருந்து ஃபோனைப் பிடுங்கிச் சொன்னாங்க. இல்லேன்னா அதுவும் வேற யாரோ ஒரு கெழவி பேர்ல வந்திருக்கும்.

சரி, இப்ப மாத்திக் குடுங்க.

விமானக் கம்பெனியைக் கேக்கணுமா? கேளுங்க. என்னது, நான் பேசணுமா? பதிவு என் பேர்ல இருக்கறதால சரியான பேரை நான்தான் வாயால சொல்லணுமா. ஏன் தங்கச்சி, நீங்களே நான்தான்னு சொல்லிச் சொல்லக்கூடாதா? ஃபோன்ல எல்லாப் பொம்பளைக் கொரலும் ஒண்ணுதானே. சரி, சரி, உங்க வேலைக்கு ஆபத்து வர வேணாம். எங்க வீட்டுக்காரரு சொல்லிடுவாரு, அவரு அப்பா பேரு, அவருக்கென்ன. ஆனா அவரு லாரியை எடுத்துக்கிட்டு நாரின் மலைப்பாதையில போயிட்டிருக்காரு, அங்க செல்லு எடுக்காது. நாளைக்குச் சொன்னா ஆகாதா?

இன்னிக்கே சொல்லலேன்னா டிக்கெட்டு போயிருமா. அப்புறம் செப்டம்பர்தானா?

செப்டம்பர் வேணாம். ஜூன்தான். நீங்க ஃபோனைப் போடுங்க.

இது என்ன பாட்டு, டிங் டிங்குன்னு? ஓ, ஆள் வர்ற வரைக்கும் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா. இருக்கட்டும், இருக்கட்டும். மெதுவாவே வரட்டும்.

அதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். துருக்கியில அந்த ராட்டினப் பூங்கா விடுதியில சாப்பாடு எவ்வளவு வேணா எடுத்துக்கலாம்னு போட்டிருக்கீங்கள்ல. அதை எங்க அத்தைக்குப் புரிய வெக்கறதுக்குள்ள என் உயிரு போயிருச்சு. எதுக்கு விருந்து வெக்கிறாங்க, கல்யாணமா, யாருக்காவது பிள்ளை பொறந்திருக்கான்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லத்தை, அங்க தெனமும் அப்படித்தானாம்னேன். தெனமும் விருந்து வெக்கறவன் சீக்கிரம் போண்டியாயிருவான், பாவம், நாம வெறுங்கையோட போகக்கூடாதுன்னு சொல்லி, ஒரு மூட்டை போர்சோக் பொரிக்கறதா இருக்காங்க. துருக்கிக்காரனுக்கு நம்ம மாவுப் பொரியல். தயிர் உருண்டை வேற காயப் போட்டாச்சு. விமானத்துல விடுவாங்களா? அந்த வாசனைக்கு?

அது கூடப் பரவால்ல. பிளாஸ்டிக் பை எடுத்து மடிச்சு மடிச்சு வெக்கறாங்க. உங்களுக்கே தெரியும், நம்ம ஊரு விருந்துல மிச்சத்தைப் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வரலேன்னா வெச்சவங்களுக்கு மரியாதை இல்ல. அங்க அப்படி எடுத்தா திருட்டுன்னு சொல்லிருவாங்க அத்தைன்னு நான் சொன்னேன். நீ பேசாம இரு, நான் விருந்துக்காரன்கிட்ட நேர்ல கேட்டு வாங்கிக்கறேன்ங்கறாங்க. எந்த விருந்துக்காரன்? தொப்பி போட்ட சமையல்காரன் ஒருத்தன் முன்னாடி போயி நின்னு, ஒரு பை நெறைய ஆட்டுக்கறி வாங்காம வர மாட்டாங்க. வாங்கிருவாங்க, அதுதான் பயமே.

மாமாவா? மாமா மொதல்ல வரவே மாட்டேன்னுட்டாரு. வாழ்நாள் பூரா குதிரை மேச்சவரு. செல்லுல அந்தப் பெரிய ராட்டினத்தைக் காமிச்சோம், மேல ஏறி தலைகீழா விழுந்து அலறுறாங்களே, அது. ரொம்ப நேரம் பாத்தாரு. எதுக்கு அலறுறாங்கன்னாரு. பயமா இருக்கும் மாமா, அதுக்குத்தான் போறாங்கன்னேன். காசு குடுத்துப் பயப்படறாங்களா? கணவாயில பனி சரிஞ்சப்ப எங்கிட்ட எவனும் டிக்கெட்டு கேக்கலையேன்னாரு. இப்ப வர்றேன்னுட்டாரு, ஆனா ஒரு நிபந்தனை. அந்த ஆசனத்து வாரை யாரு இழுத்துக் கட்டறானோ அவனைப் பாக்கணுமாம். அவன் யாரு, அவங்கப்பன் யாரு, ஏழு தலைமுறை என்னன்னு விசாரிச்சுட்டுத்தான் வீட்டுப் பிள்ளையை ஏத்துவாராம். அவன் என்ன துருக்கியில பொறந்தவனோ வேலைக்கு வந்த நேப்பாளத்துக்காரனோ, அவன்கிட்ட போயி ஏழு தலைமுறை கேட்டா அவன் என்ன பண்ணுவான் சொல்லுங்க.

இன்னும் வரலையா ஆளு? பாட்டு மறுபடி மொதல்லேருந்து வருது. நல்லதுதான். என் தொண்டை காஞ்சு கெடக்கு. அந்தத் தேநீரை இப்படித் தள்ளுங்க.

செப்டம்பர்ல கூட்டம் கொறைவா இருக்கும், வெயிலும் இருக்காதுன்னு நீங்க சொல்றது நல்லதுக்குத்தான். ஆனா செப்டம்பர்ல உருளைக்கிழங்கு தோண்டணுமே. என்ன, இந்த வருசம் உருளை போடலேன்னு நானே அன்னிக்குச் சொன்னேனா? அப்ப பக்கத்து வீட்டுக்குத் தோண்டிக் குடுக்கணும். பள்ளிக்கூடமும் தொறந்துரும். ஒரு வாரம் லீவு சொன்னா டீச்சர் விடுவாங்கதான், அந்த டீச்சர் எங்க வீட்டுக்காரருக்கு அத்தை மக. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஞாபகம்? ஜூன்னு சொன்னா ஜூன்.

எங்களுக்குப் பிள்ளைங்களா? டிக்கெட்டுல பாருங்க, மாமா, அத்தை, வீட்டுக்காரரு, நான், அப்புறம் அய்சிரெக். அவ்வளவுதான் நாங்க. அய்சிரெக் எங்க வீட்டுச் செல்லம். வீட்டுக்காரரு தங்கச்சின்னுதானே நீங்க குறிச்சு வெச்சிருக்கீங்க? இருக்கட்டும். ஏழு வயசு. பல்லு விழுந்து சிரிப்பா பாருங்க, நீங்க டிக்கெட்டைச் சும்மாவே குடுத்துருவீங்க.

அதோ உங்க செவுத்துல ஒட்டியிருக்கற படத்தைத்தான் அவளும் வீட்டுல ஒட்டி வெச்சிருக்கா. நீங்க குடுத்ததுதான். அந்தக் கரடி பொம்மை கையை நீட்டிக்கிட்டு நிக்குதே, ராட்டினத்து வாசல்ல. தெனமும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் கஞ்சி குடிப்பா. கரடி கைக்கு மேல தலை இருந்தா தனியா ஏறலாம். கைக்குக் கீழ இருந்தா பெரியவங்க பக்கத்துல உக்காரணும், அப்படித்தானே? செருப்போட அளப்பாங்களா, செருப்பு இல்லாமலா? கேட்டுச் சொல்லுங்க. நான் அவளுக்கு மெல்லிசு செருப்புதான் வாங்கி வெச்சிருக்கேன்.

எங்க கதவு நெலையில கரடி கை ஒசரத்துக்கு வீட்டுக்காரரு பென்சில்ல ஒரு கோடு போட்டிருக்காரு. அவ அதுக்கு ஒரு கட்டைவெரல் கீழ நிக்கறா. அவளுக்கா, எப்படா கோட்டைத் தொடுவோம்னு இருக்கு. குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பாக்கறா. நான் தலையை அமுக்கி விடுவேன். கோடையில மேய்ச்சலுக்கு மலைக்குப் போயிருவோம், அங்க குதிரைப்பால் குடிச்சா பிள்ளைங்க எப்படி வளரும்னு உங்களுக்குத் தெரியாதா. போன வருசம் மலையிலேருந்து எறங்குனப்ப அவ பாவாடை எல்லாம் முழங்கால்ல நின்னுச்சு. செப்டம்பர்ல கரடி கையைத் தாண்டி நிப்பா.

ஆமா. அதான். கண்டுபிடிச்சுட்டீங்க. உருளைக்கிழங்கு இல்ல.

அந்தக் கரடி படத்துக்குக் கீழ எழுதியிருந்ததை எங்க வீட்டுக்காரரு சாப்பிடறப்ப எல்லாருக்கும் படிச்சுக் காமிச்சாரு. கைக்குக் கீழ இருக்கற கொழந்தை பக்கத்துல அம்மா இல்லேன்னா அப்பா உக்காரணும்னு. அத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. படிச்சாரு. கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், எனக்கு ஒசரம்னா தலை சுத்தும், நான் ஏற மாட்டேன்னுட்டாங்க. தலை சுத்துமாம். பனிக் கணவாயில குதிரை மேல உக்காந்துக்கிட்டே பிள்ளைக்குப் பால் குடுத்த பொம்பளை. மாமா ஏதோ சொல்ல வாயைத் தொறந்தாரு, அத்தை பாத்த பார்வையில தேநீர்க் கிண்ணத்தை எடுத்து மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு. அண்ணி கூட உக்காரட்டும்னாங்க அத்தை. என்னைப் பாக்கலை. எந்திரிச்சுப் போயி பெட்டியைத் தொறந்து, அவங்க நல்ல தலைத்துணியை எடுத்துட்டு வந்து என் மடியில போட்டாங்க. மேல காத்து அடிக்கும், இறுக்கிக் கட்டிக்கன்னாங்க. கட்டியிருக்கேன் பாருங்க, இதுதான். இன்னும் மடிப்புக் கூடப் போகலை.

அண்ணியை உக்கார விட மாட்டாங்களா? அம்மா அப்பாதான்னு சட்டமா?

விடுவாங்க தங்கச்சி. பெத்தது நான்தானே.

ஆமா, நான்தான். தலைப்பிள்ளை தாத்தா பாட்டியோடதுன்னு உங்க பக்கம் குடுக்கறதில்லையா? குடுப்பாங்க, நகரத்துல இருக்கறதால நீங்க பாத்திருக்க மாட்டீங்க. யாரும் எங்கிட்டேருந்து பிடுங்கலை, அப்படி நெனச்சுக்காதீங்க. நாப்பது நாள் கழிச்சு நானேதான் எடுத்துட்டுப் போயி அத்தை மடியில வெச்சேன். எல்லாரும் செய்யறதுதான், அடுத்தது நமக்குன்னு வெப்பாங்க. எங்களுக்கு அடுத்தது வரலை, அவ்வளவுதான். அத்தையை அம்மான்னு கூப்பிடுவா, என்னை அண்ணின்னு. அண்ணி தலை பின்னுங்க, அண்ணி என் காலுறை எங்கன்னு நாள் பூரா என் பின்னாடிதான் சுத்துவா. அவளுக்குத் தெரியுமான்னா, தெரியும்னுதான் நெனக்கிறேன். கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. நம்ம வீட்டுல சொல்லாம இருக்கறதுக்குப் பழக்கம்தானே, மாமா பேரு மாதிரி.

அந்த ராட்டினம் ஒரு சுத்து எவ்வளவு நேரம் ஓடும்? அவ்வளவுதானா. போதும், போதும். இறங்கி மறுபடி வரிசையில நின்னா ஆச்சு.

பாட்டு நின்னுடுச்சே. ஐயோ, ஆளு வந்துட்டாங்களா. குடுங்க. இல்ல, இருங்க, ஒரு வாய் தேநீர். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க, வெளிய எங்க ஊர்க்காரங்க யாராவது நிப்பாங்க. நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.

வணக்கம். ஆமாங்க, பதிவு பண்ணது நான்தான். ஆமா, ஒரு பேரு தப்பாயிருச்சு. சரியான பேரா?

தெமிர்பெக்.

கேக்கலையா? இன்னொரு தடவையா? தெமிர்பெக். இரும்புங்க, இரும்பு. எஃகு இல்ல. ஆமா. ஜூன்லயே, தேதி மாத்த வேணாம்.

கொழந்தையா? பேரு அய்சிரெக், அது சரியாத்தான் இருக்கு. யாரு கூட வருதுன்னா?

அம்மா கூட.