பதினேழாவது குண்டு

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன், ஐயா. தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரியில் மட்டும் சின்னத் திருத்தம் வேண்டும். வாயால் சொன்னால் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவீர்கள் என்பதால், பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கல்குவாரியில் வளர்ந்தவன். அப்பா பாறையில் துளை போட்டு வெடிமருந்தைக் குத்தி இறுக்கிக் கிட்டிக்கிறவர். மருந்து கூடினால் கல் தூளாகும், குறைந்தால் விரிசலோடு நின்றுவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே இது எனக்குத் தெரியும். பிறகு கடைசல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். துப்பாக்கிக் கழகத்துக்காரர்கள் ஒரு ரைபிள் குழலைக் கடையக் கொண்டுவந்தார்கள். அப்படி ஆரம்பித்தது. அவர்களுக்குத் தோட்டா அடைத்துக் கொடுத்தேன், அப்புறம் நானே சுட ஆரம்பித்தேன். கழகத்தில் என் பெயர் "கடைசல்".

ஆயிரம் மீட்டர் சுடுவதற்கு வேகம்தான் எல்லாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இலேசான குண்டை வெறிபிடித்த வேகத்தில் அனுப்புவார்கள். கிளம்பும்போது அது சூரன். எழுநூறு மீட்டரில் மூச்சு வாங்கும். காற்று இழுத்த பக்கம் போகும். கனமான, நீளமான குண்டு நிதானமாகக் கிளம்பும், ஆனால் உள்ள வேகத்தைச் சிந்தாமல் கொண்டுபோகும். மூட்டை தூக்கிப் பழகியவன் நடப்பதைப் போல. எதை எடுத்தாலும், பலகைக்குப் போய்ச் சேரும்போது குண்டு ஒலியைவிட வேகமாக இருக்க வேண்டும். அப்படி இருக்கிறவரை அது தலைக்கு மேல் போகையில் சாட்டை அடித்ததுபோல் ஒரு சத்தம் வரும். சொடுக்கு என்போம். ஒலிக்குக் கீழே வேகம் இறங்கிவிட்டால் சொடுக்கு இல்லை. குண்டு ஊமையாக வரும்.

அந்தச் சொடுக்கைக் கேட்கிற ஆள்தான் என் மச்சான், அக்கா புருஷன். பலகைகளுக்கு அடியில் ஆளுயரப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதற்குள் நின்று பலகையை இறக்கி, துளையைப் பார்த்து, மதிப்பெண் சொல்வது அவர் வேலை. பக்கத்திலேயே கல் உடைக்கிற கிரஷர். அது ஓடும்போது தூரத்தில் துப்பாக்கி வெடிப்பது பள்ளத்தில் கேட்காது, டெலிபோனும் கேட்காது. தலைக்கு மேல் போகிற சொடுக்கு மட்டும் கேட்கும். அதையும் மச்சான் ஒருவரால்தான் பிசகாமல் எண்ண முடியும். பாம்புக்காது என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கிரஷரில்தான் முன்பு வலது கையில் இரண்டு விரலை விட்டிருந்தார்.

போன குளிர்காலத்தில் பெரிய போட்டிக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்கு இருபது குண்டு. பத்தொன்பதுவரை நான் மூன்றாவது இடம். இருபதாவதைச் சுட்டேன். நடுவில் போனது எனக்குத் தெரியும். பலகை இறங்கி ஏறியது. மதிப்பெண் பூஜ்யம். பள்ளத்திலிருந்து மச்சான் சொன்னது ஒலிபெருக்கியில் வந்தது.

"சொடுக்கு கேக்கல. புதுத் துளையும் இல்ல. குண்டு வரல."

அன்று விடியற்காலைக் குளிர். குளிரில் மருந்து மந்தமாக எரியும் என்பதால் தோட்டாக்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கடைசி ஒன்று மட்டும் சிமெண்டுத் தரையில் கிடந்தது. அது வேறு விஷயம். ஏழாவது ஆளாக வெளியே வந்தேன். கமிட்டித் தலைவர் என் முதுகில் தட்டினார்.

"விடு கடைசல். நீ இவ்வளவு தூரம் வந்ததே பெரிசுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரு கேள்வி மட்டும் என் மண்டையைக் குடைந்தது. சொடுக்கு இல்லாமல் வருகிற குண்டு வரவே இல்லை என்று ஆகிவிடுமா? அதை நிரூபிக்க நினைத்தேன். ஒலிக்குக் கீழே இறங்கும்போது குண்டு தள்ளாடும், இலேசானது கவிழ்ந்தே போகும். அப்படித் தள்ளாடாத ஒன்றைத் தேடினேன். கழகத்தில் யாரும் தொடாத கனமான குண்டு ஒன்று இருந்தது. மருந்தை இம்மி இம்மியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஆள் இல்லாத நாட்களில் ஆயிரம் மீட்டரில் சுட்டு, நடந்துபோய்ப் பார்த்து, மறுபடி அடைத்தேன். கடைசியில் தலையணை அகலத்துக்குள் பத்துக்குப் பத்து விழுந்தது, ஊமையாக. குண்டு கனம் என்பதால் தோளில் உதையும் வழக்கம்போல. பின்னால் நிற்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அதைப்போல ஒரு வேலையை என் ஆயுசில் செய்ததில்லை.

தோட்டாவை அடைத்து முடித்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தார். கையில் சுருட்டிய பழைய இலக்குத்தாள். பின்தாளாக ஒட்டுவதற்குக் கிழிக்கப்போனவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஜன்னலில் வைத்து விரித்துக் காட்டினார். ஒரே துளை, அதன் ஓரத்தில் இரண்டு வளைவு. என் இருபதாவது குண்டு பழைய துளைக்குள்ளேயே புகுந்திருக்கிறது.

"தப்பு என் மேலதான் மாப்ளே. காதை நம்பிக் கண்ணை விட்டுட்டேன். கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டேன். அவனுங்க இனிமே திருத்த மாட்டோங்கிறானுங்க."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாம்புக்காதுன்னு பேரு வச்சானுங்களே, அவனுங்களைச் சொல்லணும். நான் நாலு தடவை கூப்பிட்டா ஒரு தடவை திரும்பாது அந்தக் காது."

"உன் குரலுக்கு மட்டும் பஞ்சு வச்சுக்குவேன்" என்றார் மச்சான். பிறகு என் கையைப் பிடித்தார். விரல் இல்லாத கை. "மனசுல வச்சுக்காத மாப்ளே."

"அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன் மச்சான்" என்றேன். சேர்ந்து சாப்பிட்டோம். எனக்கு அவர்மேல் அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் தோட்டா தயாராகிவிட்டிருந்தது. ஐந்து மாத உழைப்பு. பெட்டியோடு தூக்கிப் போட மனம் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை பயிற்சிக்குப் பெயர் கொடுத்தது நான்தான். கிரஷர் ஓடுகிற நாள். இருபது குண்டு, இருபது விநாடிக்கு ஒன்று, எல்லாம் முடிந்த பிறகே பலகையை இறக்குவது என்று ஏற்பாடு. கண்காணிப்புக்குக் கழகத்தின் கேப்டன் எனக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் அட்டையில் ஒரு கோடு, பக்கத்தில் நேரம்.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. சில சமயம் சுடுகிறவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டு, டெலிபோனில் சொல்ல முயன்று கேட்காமல் போய்விடுவார்கள். அதனால் சொடுக்கு நின்றதும் மனதுக்குள் நூறு எண்ணுவார். நூறு முடிந்தும் ஒன்றும் வராவிட்டால் சுடுதல் நின்றுவிட்டது என்று ஏணி வைத்து மேடேறி, சுடுதல் நடக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியை இறக்குவார். விதிப்படி தப்பு. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. கொடிக்கயிற்றின் முடிச்சை அவிழ்க்க, அந்தக் கையை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

முதல் பத்து வேகமான குண்டு. பத்துச் சொடுக்கு அவர் கேட்டிருப்பார். பதினொன்றிலிருந்து ஊமைக் குண்டு. பலகையில் துளை விழுந்தால் பார்த்துவிடுவார் என்று, துப்பாக்கியின் பார்வைக்கருவியை ஏற்றி வைத்துப் பலகைக்கு மேலே கொடிக்கம்பத்தை ஒட்டிய மணலில் போட்டேன். இங்கே சத்தமும் கோடும் ஒரே சீராக நடந்தன. பதினாறாவதுக்குப் பிறகு தொலைநோக்கியில் அவர் தலை தெரிந்தது, பிறகு தோள், பிறகு முழு ஆள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கேப்டன் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது விநாடி ஆனது. சுட்டேன். அந்தக் குண்டு போய்ச் சேர இரண்டரை விநாடி ஆகும். அவ்வளவு நேரம் அவருக்கு எதுவும் தெரியாது. அதற்குப் பிறகும்தான்.

மீதி மூன்றும் பெட்டியில் இருந்தன. நிறுத்தினால் கேப்டன் நிமிர்ந்து பார்ப்பார். கருவியைப் பழையபடி இறக்கி, வேகமான குண்டு மூன்றையும் இருபது விநாடிக்கு ஒன்றாகச் சுட்டேன். மூன்றும் நடுவில்.

மற்றது நீங்கள் எழுதியதுதான். பலகையில் துளை பதின்மூன்றுதான், மற்றவை பழைய துளைக்குள் புகுந்திருக்கும் என்று கேப்டன் சொன்னார்; மச்சான் விழுந்ததில் நின்றுபோன கைக்கடிகாரம் அட்டையில் பதினேழாவது கோட்டின் நேரத்தோடு ஒத்துப்போனது. சுடுதல் ஒருமுறைகூட நிற்கவில்லை, இருபது கோடும் சீராக இருக்கின்றன, இறந்தவர்தான் டெலிபோனில் கேட்காமல் இடையில் ஏறிவிட்டார். அக்காவும் உங்களிடம் அதையே சொன்னாள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறாள்.

"உன் மேல என்னடா தப்பு? அந்தாளுதான் அவசரப்பட்டு ஏறிடுச்சு. நீ அதையே நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காத."

சரி என்று சாப்பிடுகிறேன்.

இதில் எதையும் நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உங்கள் அறிக்கையின் நகல் ஒன்று கழகத்துக்கு வந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டேன். மூன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. "பதினேழாவது குண்டு இலக்குத் தவறி மேலே சென்று அன்னாரின் மேல் பட்டது." கமிட்டித் தலைவர் அதை எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வாசித்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

"யாருக்கும் தவறுறதுதானே கடைசல்."

எனக்குத் தவறவில்லை, ஐயா. கயிற்றுக்கு நேரே, இரண்டு தோளுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். அங்கேதான் போனது. பிரேதப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள், அளவு போட்டிருப்பார்கள். எனக்கு என்ன தண்டனை என்பதை உங்கள் சட்டப்படி செய்துகொள்ளுங்கள். அந்த வரியை மட்டும் திருத்தி, பழைய நகலை எடுத்துவிட்டு, அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.