தங்கவேலின் தலைக்கட்டு

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சித்திரை மாதம். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஆற்றோரமாக மேற்கே ஒரு மண் ரோடு பிரியும்... இரண்டு பக்கமும் தாழம்புதர். ஈ, காக்காய் கிடையாது. அதில் இறங்கிவிட்டால் உங்கள் செருப்புச் சத்தம்தான் உங்களுக்குத் துணை.

என்னடா இவன், பேய்க் கதை என்று விளக்கைத் தணிக்கச் சொல்லிவிட்டு உச்சி வெயிலில் ஆரம்பிக்கிறானே என்று பார்க்கிறீர்கள். இராத்திரி வருகிற பேய்க்குப் போர்வை இருக்கிறது. பகலில் வருவதற்கு என்ன செய்வீர்கள்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்காக இல்லை, எனக்காக. பூனை தும்மினால் அனுமார் பெயரைச் சொல்லுகிற ஆசாமி நான் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும்.

இது என் சிநேகிதன் கங்காதரனின் அக்கா ஜானகியுடைய புருஷனுக்கு நடந்தது. அனந்தராமன் என்று பெயர். மயிலாப்பூரில் வீடு, சரித்திர வாத்தியார் உத்தியோகம். வீட்டில் அவர், ஜானகி, அவருடைய வயதான அப்பா, மூன்றே பேர். மற்றவர்கள் தபால்தலை சேர்த்தால் இவர் சேர்த்தது பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டைக் காலத்துச் சட்டை, தொப்பி. பஸ்ராவுக்கும் பிரான்ஸுக்கும் போய் வந்த சிப்பாய்களின் கோட்டு, காலில் சுற்றும் பட்டி, வெயில் தொப்பி, தகரத் தொப்பி... எந்தப் பட்டாளம் எதை அணிந்தது என்று ஆராய்ச்சி. படுக்கிற அறையைத் தவிர வீடு முழுவதும் நாப்தலின் உருண்டை நாற்றம்.

அத்துடன் மகா சந்தேகப் பிராணி. காரணம் உண்டு. ஒருமுறை மெசபடோமியா சண்டைக் கோட்டு என்று ஒன்றை வாங்கிவந்து, கங்காதரனைக் கூப்பிட்டு, "இந்தக் கறையைப் பாருடா, ரத்தம்" என்று கண்கலங்கியிருக்கிறார். அது கல்யாண பாண்டுக்காரன் கோட்டு. கறை வெற்றிலைச் சாறு. அன்றிலிருந்து பொத்தானைக் கடித்துப் பார்க்காமல், தையலை முகர்ந்து பார்க்காமல் ஒன்றையும் வாங்குவதில்லை.

தொப்பி என்றால் வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம். தலைப்பாகை அப்படி இல்லை. அவிழ்த்துவிட்டால் வெறும் துணி. எந்தப் பட்டாளம், எந்த ஜாதி, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் கட்டுகிற கையில் இருக்கிறது. பாலமும் ரோடும் போடுகிற மதராஸ் சப்பர் பட்டாளத்துத் தலைப்பாகை ஒன்றை, கட்டத் தெரிந்தவன் கையால் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குப் பல வருஷத்து ஆசை. பழைய துணி வியாபாரி மெஹபூப் அலி ஒருநாள் துப்புக் கொடுத்தார். அடையாற்றோரத்துக் குடிசையில் பச்சையம்மா என்று ஒருத்தி. அவள் புருஷன் தங்கவேல் சப்பர். பஸ்ரா பக்கத்து ஆற்றில் பாலம் போடும்போது வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவனுடைய துணிமூட்டை வந்தது. அவன் வரவில்லை.

பள்ளிக்கூடம் லீவு. அந்த மத்தியானம் அந்த மண் ரோட்டில்தான் போனார்.

பச்சையம்மாவும் அவள் தம்பி சின்னப்பையனும் வாசலில் வலைக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. புருஷன் செத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறதே என்று உடனே இவருக்குச் சந்தேகம். மூட்டை போலியாக இருக்குமோ.

"ஆளு வர்ல, பொணமும் வர்ல," என்றாள் அவள், இவர் பார்வையைப் பார்த்துவிட்டு. "யாரைப் பாத்து நான் பொட்ட அழிக்கிறது. புள்ளயும் கெடையாது, எடுத்துச் செய்ய."

மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். காக்கிக் கோட்டு, காக்கித் துணி. அனந்தராமன் முகர்ந்தார். பதினைந்து வருஷத்துத் துணியில் ஆற்றுச் சேற்று வாசனை... பச்சையாக. இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் இல்லை, அசல் சரக்கு என்ற சந்தோஷத்தில்.

"துணி மாத்திரம் போறாது. தங்கவேலோட தலைக்கட்டு எனக்கு வேணும்," என்றார்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்களும் நானும் தலைப்பா என்போம். அவர் ஆராய்ச்சிக்காரர்; கட்டுரை எழுதுகிற கை. தலைக்கட்டு என்றுதான் சொல்லுவார்.

சின்னப்பையன் கயிற்றைக் கீழே வைத்தான். "தெர்ஞ்சிதான் கேக்கறியா சாமி?"

பேரத்தை ஏற்றுகிறான் என்று இவருக்குத் தோன்றியது. "தெரிஞ்சுதான் கேக்கறேன். ஒன் கையாலயே கட்டணும். மொறை தப்பக் கூடாது."

"நான்தான் கட்டணும். வேற யாரு கட்றது." அவன் அக்காவைப் பார்த்தான். அப்புறம் இவரைப் பார்த்து மெதுவாக, "ஒங்க நைனா கீறாரா?" என்றான்.

இவர் உஷாரானார். அப்பாவுக்குச் செத்தவன் துணி என்றால் ஆகாது. வீடு தேடி வந்து அப்பாவிடம் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்கிறான்... சந்தேகமே இல்லை. தெருமுனைக் காப்பிக் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வதுபோல, சர்வ சாதாரணமாக, "அப்பா இல்லை," என்று சொல்லிவிட்டார்.

மயிலாப்பூரில் அப்பா அப்போது மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தாண்ட போய்க் கட்லாம்," என்றான் சின்னப்பையன். நீளத் துணி, இடம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தெற்கே பார்த்து உட்கார வைத்தான். வெளிச்சத்துக்காக என்று நினைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து கைகட்டி நின்றார்கள், வேடிக்கை பார்க்கிற ஜனங்கள். பச்சையம்மா எள்ளும் பச்சரிசியும் கொண்டுவந்தாள். ஏதோ இவர்கள் உபசாரம். சின்னப்பையன் ஒரு முனையை அவர் தோளில் போட்டு, நெற்றிக்குக் குறுக்கே இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மடிப்பு, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு தட்டு... அவர் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை அழகான கட்டு. கடைசிச் சுற்றில் பச்சையம்மா வாய்விட்டு அழுதாள். துணியைப் பிரிய மனசில்லை போலிருக்கிறது, பாவம் என்று இவருக்குக் கஷ்டமாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் நெற்றி வெறிச்சென்று இருந்தது. வேர்வையில் அழிந்திருக்கும்.

பொத்தானைக் கடித்துப் பார்க்கிற மனிதர், ஐயா.

துணிக்கு விலை என்ன என்றார். சின்னப்பையன் சிரித்தான். "ஒனக்குச் சேர்ந்ததுக்கு எதுக்கு சாமி வெல?" அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் இலவசம். எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கட்டுக் கலையாமல் ஒரு குடத்தின்மேல் கவிழ்த்து, கூடத்து அலமாரிக்குள் வைத்தார். அடுத்த நாள் மத்தியானம் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த அப்பா கத்தினார்.

"டேய் அனந்து. என் நாற்காலில யாருடா தண்ணியக் கொட்டறா?"

கான்வாஸ் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஓடு ஒழுகறதுன்னு எத்தனை வாட்டி சொல்றேன்," என்றாள் ஜானகி.

"சித்திரைல எங்கேந்துடீ மழை?"

மறுநாளும் நனைந்தது. அதற்கடுத்த நாளும். கூடத்தில் நாப்தலினையும் மீறிக்கொண்டு ஆற்றுச் சேறு... ஈரக் கம்பளி... வாசனை. அனந்தராமனுக்கு யார் மேல் சந்தேகம் என்கிறீர்கள்? சின்னப்பையன் மேல். கொடுத்ததைத் திருடிக்கொண்டு போகப் பின்கட்டு வழியாக ஆள் அனுப்புகிறான். பின்கட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார்.

ஆனால் அப்பா மாறிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மத்தியானத்துக்கும் கொஞ்சம். ஜானகியின் பெயர் மறந்தது. காயத்திரி ஜபம் பாதியில் நின்றது. உள்ளங்கால் சில்லென்று, நாளெல்லாம் தண்ணீரில் நின்றவன் கால் மாதிரி வெளுத்துச் சுருங்கியது. இராயப்பேட்டை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வயசு" என்று ஒரே வார்த்தை சொன்னார். அனந்தராமன் தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. முறைப்பும் அதட்டலுமாக இருந்தாலும் அவருக்கு அந்த ஒரு மனிதர்தான். அப்பா கரைகிறார் என்று கங்காதரனிடம் வந்து சொன்னாராம்.

ஒரு மத்தியானம் காவல் உட்கார்ந்தார். கூடத்துத் தூணுக்குப் பின்னால், கையில் உலக்கையோடு. திருடனுக்காக.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். முற்றத்தில் வெயில் கண்ணைப் பறித்தது. தாழ்ப்பாள் போட்ட கதவு போட்டபடி இருந்தது. அப்போது... டக். ஆணி அடித்த பூட்ஸ் சிவப்புத் தரையில் படுகிற சத்தம். டக்... டக். அவசரமில்லாமல். தரையில் ஆள் இல்லை. முற்றத்தைத் தாண்டி, தூணைத் தாண்டி... அவர் முழங்கையை ஈரமாக ஏதோ உரசிக்கொண்டு போனது. நாற்காலியருகில் நின்றது.

அப்புறம் அந்தக் கான்வாஸ் துணி, அப்பா படுத்திருக்கும்போதே, இன்னும் ஒரு சாண் கீழே தொய்ந்தது... இன்னொரு ஆள் உட்கார்ந்த மாதிரி. சொட்டு. சொட்டு. கூடத்தில் இரண்டு மூச்சுக் கேட்டது. அப்பாவின் குறட்டை ஒன்று. அதற்கு ஒரு நொடி பிந்தி, இன்னொன்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிந்தியது மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது.

உலக்கை என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். என் கையாக இருந்தால் அது அப்போதே மயிலாப்பூர் குளத்தில் இருந்திருக்கும், நானும்.

மைத்துனன் கங்காதரனை வரவழைத்து, அப்பாவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுத் தலைப்பாகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். பாலம், மண் ரோடு, குடிசை. "இந்தா, உங்க துணி. எடுத்துக்கோ. உங்க ஆளையும் அனுப்பாதே."

பச்சையம்மா வெள்ளைப் புடவையில் எழுந்து நின்றாள். "எங்க ஆளா?"

"தலைக்கட்டத் திருப்பிக் குட்தா வாங்கற வழக்கம் இல்ல சாமி," என்றான் சின்னப்பையன். "கருமாதிக்குக் கட்னது. புள்ளைக்குத் தாய்மாமன் கட்றது. நீதானே கேட்டு வந்த. இத்தினி வர்சமா எடுத்துச் செய்ய ஆளில்லாம கெடந்தாரு எங்க மச்சான். படிச்ச ஐரு, தானா வந்து புள்ளையா நிக்கறேன்னு சொன்னியேன்னு நாங்க கும்புட்டமே."

அனந்தராமனுக்கு அந்தத் தெற்கு, அந்த எள்ளு, அந்த நாலு பேர், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது. "அவுத்துடு," என்றார்.

"தலைக்கட்டு கட்டுவாங்க. அவுக்க மாட்டாங்க."

"எங்கப்பா இருக்காருடா." அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "உசிரோட இருக்கார். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

ஆற்றில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. சின்னப்பையன் வாயைப் பொத்திக்கொண்டான். பச்சையம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது. அவள் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஒரு புள்ளைக்கு ரெண்டு அப்பன் ஆவாதே சாமி. வூடு காலின்னு நம்பி வந்தவுரு... இப்ப எங்க போவாரு?"

உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். கெஞ்சுகிறாளா, வழியனுப்புகிறாளா, அல்லது வாவென்கிறாளா, தெரியவில்லை. இவர் பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மற்றது கங்காதரன் தன் கண்ணால் பார்த்துச் சொன்னது. அத்திம்பேர், அதாவது அனந்தராமன், உள்ளே நுழைந்தபோது கூடத்துத் தரை காய்ந்திருந்தது. நாற்காலி காய்ந்திருந்தது. சேற்று வாசனை துளி இல்லை. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் இரத்தம் ஊறியிருந்தது, காலும் சூடாக இருந்தது. ஜானகி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எழுந்துவிட்டாள். ஒரே ஒரு மூச்சுத்தான் கேட்டது, நிதானமாக. அனந்தராமன் கிட்டே போய், "அப்பா," என்று கூப்பிட்டார்.

பெரியவர் தலையைத் திருப்பி, பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். ரொம்ப நாள் பார்க்காதவனைப் பார்க்கிற மாதிரி. அந்த மனிதர் ஜன்மத்தில் பிள்ளையைத் தொட்டுப் பேசியதில்லையாம். கையை நீட்டி அவர் மோவாயைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா," என்றார், அத்தனை பிரியமாக. "துன்னியா?"

ஜானகியின் கையிலிருந்து தேங்காய் உருண்டது. அத்திம்பேர் அந்த நாற்காலியின் காலடியில் மெல்ல உட்கார்ந்து, "இன்னும் இல்ல, நைனா" என்றாராம்.