சுடச் சொல்லிக் கையெழுத்து

யுத்தகாலக் கொழும்பில், பொரளையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ். முன் சீட்டில் ஆஸ்பத்திரியால் திரும்பும் ஒரு புருஷனும் பெண்சாதியும்.

“சுடச் சொல்லியோ கையெழுத்து வைச்சனீங்கள்?” என்று அந்த அம்மா கேட்டதும் என் காது முன்னுக்குப் போய்விட்டது.

“மெல்லக் கதையும். குடலில சின்னச் சதைமுளைதானே. நாளைக்குக் கரண்டுக் கம்பியால சுட்டு எடுத்தா ரத்தம் வராதாம்.”

“ஆர் சொன்னது?”

“கியூவில பக்கத்தில நிண்டவர்.”

“அவருக்கென்ன வருத்தம்?”

“முழங்கால்.”

“டொக்டர் என்ன சொன்னவர்? இவ்வளவு சின்னனைச் சுடாமல் வெட்டுறதுதான் பாதுகாப்பு, கொஞ்ச ரத்தம் ஆஸ்பத்திரியில வைச்சே வந்து அங்கயே நிண்டிடும், சுட்டா ஏழெட்டு நாள் கழிச்சும் வரலாம் எண்டவரெல்லே?”

“எனக்கு ரத்தம் எண்டாப் பயம்.”

“மயக்க ஊசி போட்டுப் படுத்துக் கிடக்கிற உங்களுக்கு என்ன தெரியப்போகுது? பிறகு சாமத்தில வீட்டில ரத்தம் போனா, நான் எத்தினை செக்பொயின்ற் தாண்டி உங்களைக் கொண்டு ஓடுறது? ஆமிக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் அடையாள அட்டையோட குடலையும் காட்டுறதோ?”

அம்மா எழும்பி மணியை அடித்தார்.

“வெள்ளவத்தை இன்னும் வரேல்லையப்பா.”

“தெரியும், இறங்குங்கோ. திரும்பிப் போய் அந்தப் பேப்பரை மாத்துங்கோ. இல்லாட்டி அந்த முழங்கால்காரரோடயே போய் இருங்கோ!”