ஏழு வரிசை வைக்கோல்

தேபின்: இடுப்பு ரெண்டா உடைஞ்சுபோச்சு, அண்ணி. கொஞ்சம் உக்காரலாமா?

ஃபெங்லியன்: நீ உக்காரு தம்பி. மணல் உக்காராது. என் முலாம்பழப் பாத்திக்கு இன்னும் பத்தடிதான் இருக்கு. மணல் அதுல இறங்கிட்டா இந்த வருஷம் பழம் இல்ல. பழம் இல்லேன்னா நானும் இந்த ஊர்ல இல்ல.

தேபின்: போன அறுப்பு முடிஞ்சதும் மணல் நகராம இருக்க மேடு பூரா வைக்கோலக் கட்டம் கட்டமா நட்டோம். பாதி மணலுக்குள்ள, பாதி வெளிய... எப்படி நின்னுச்சு! இப்ப ஏழு வரிசை காணோம். பேய்க் காத்து.

ஃபெங்லியன்: காத்தா?

தேபின்: வேற யாரு...

ஃபெங்லியன்: நல்ல வைக்கோலா பார்த்து எடுத்திருக்கு. மக்கினத விட்டுட்டுப் போயிருக்கு.

தேபின்: சீனாவுலயே நம்ம கான்சூ காத்துதான் அண்ணி விவரமானது.

ஃபெங்லியன்: பிடி பிடியா உருவியிருக்கு. கை வச்ச காத்து.

தேபின்: ...சாப்பாடு கொண்டாந்தீங்களா?

ஃபெங்லியன்: நூடுல்ஸ் இருக்கு. அந்தத் தூக்குல.

தேபின்: மணல் கடிக்குதே!

ஃபெங்லியன்: மணல் சும்மா கிடைக்குது, உப்புக்குத்தான் காசு. தின்னு. ஆடெல்லாம் எப்படி?

தேபின்: எந்த ஆடு?

ஃபெங்லியன்: உன் பட்டியில கத்துதே, அது.

தேபின்: இருக்கு, பதினொண்ணு. மேட்டுல மேய விடாதேன்னு வனத்துறை சொல்லியாச்சு. சட்டம் நமக்குத் தெரியுது, அதுங்க வயித்துக்குத் தெரியல.

ஃபெங்லியன்: தீவனம்?

தேபின்: மக்காச்சோளத் தட்டை...

ஃபெங்லியன்: அது புத்தாண்டுக்கு முன்னாடியே தீந்துபோச்சுன்னியே.

தேபின்: நானா சொன்னேன்?

ஃபெங்லியன்: நீதான். குடிச்சிருந்தே.

தேபின்: ...சரி. மூணு வரிசை நான்தான் உருவினேன். ரெண்டு ஆடு எழுந்திரிக்கவே இல்ல அண்ணி. ஆனா மூணுதான்! மிச்சம் நாலு சத்தியமா காத்து.

ஃபெங்லியன்: காத்து இல்ல.

தேபின்: அப்புறம்?

ஃபெங்லியன்: அந்த நாலுலயும் என் கைதான்.

தேபின்: அண்ணி! உங்க பாத்திக்கு நேர் மேல இருந்த வரிசையவா?

ஃபெங்லியன்: அதுதான் வீட்டுக்குக் கிட்ட. என் ஆடு குட்டி போட்டுச்சு, தீவனமில்லாம பால் சுரக்கல. குட்டி மூணு நாளா கத்திச்சு... மண்வாரிய எடு. இன்னிக்குக் கொண்டாந்த வைக்கோல் கட்டு ஒரு வரிசைக்குத்தான் வரும். அதப் போட்டாலும் மேட்டுக்கு நாம இன்னும் ஆறு வரிசை வைக்கோல் கடன்.